வேலி விளக்குகள் அணையும் நேரம்

அந்தி சாய்கிறது. ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவின் பின்கட்டில் புதிதாய் வந்திறங்கிய சலவை இயந்திரம் முனகிக்கொண்டே நின்றுவிடுகிறது. வயர்மேன் ரஹீம் அதன் கம்பிகளில் சோதனை பல்பைத் தொட்டுப் பிடிக்கிறார். அது மிளகாய்ப்பழ நிறத்தில் மங்கி எரிகிறது. "மெஷின்ல கோளாறு இல்ல. முள்வேலி லைட்டு போட்டதும் வோல்ட்டேஜ் இறங்கிருது லா." "அப்ப லைட்ட அணைச்சுப் பாருங்க பாய்," என்கிறாள் இதுவரை கையால் துணி துவைத்து வந்த அஞ்சலை. சொன்ன பிறகுதான் அந்த வெளிச்சத்துக்கு அஞ்சிக் காட்டுக்குள் பதுங்கியிருக்கும் துப்பாக்கிக்காரர்கள் அவள் நினைவுக்கு வருகிறார்கள். துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் பங்களாக் காவல்காரர் தயங்கித் தயங்கி வேலி விளக்குகளின் சுவிட்சை இறக்குகிறார். இருட்டில் ரப்பர் காடு ஒரே எட்டில் வேலியருகே வந்து நிற்கிறது. ரஹீமின் கையில் பல்பு வெள்ளையாய்ப் பூக்கிறது. இயந்திரம் சுழல, யார் கையும் படாமல் துணிகள் நுரையில் எழுந்து புரள்கின்றன. அஞ்சலை இமைக்கவில்லை. காவல்காரர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இருட்டுக்கு முதுகைக் காட்டியபடி அவளருகே குனிந்து பார்க்கிறார்.