சட்டை மாற்றும் நேரம்

மகாராணியைத் தள்ளிவிட்டது நான்தான். வேண்டுமென்று இல்லை, மின்விசிறியைத் துடைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கும்போது முழங்கையால் ஒரு இடி. உருண்டு விழுந்தவள் இரண்டு நாள் மூலையிலேயே முடங்கிக் கிடந்தாள்.

பதற வேண்டாம், மகாராணி என் மனைவி அல்ல. மனைவியை இடித்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். மகாராணி என் மகள் வளர்க்கும் சிலந்தி, உள்ளங்கை அகலம். நான் இடித்தது அதன் கண்ணாடிப் பெட்டியை.

ஆறு வருடமாக அதுதான் மகளுக்குத் தங்கச்சி. தேர்வெழுத வெளியூர் கிளம்பும்போது, "மகாராணி பத்து நாளா சாப்பிடல, பரவாயில்ல. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்பா, அது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு வரவே வராத கலை.

பெட்டி மூடியில் ஒரு சீட்டு வேறு: 'சட்டை மாற்றும் நேரம். திறக்காதீர்கள்.' தன் அறைக்கதவில் ஒட்ட வேண்டியதை அவசரத்தில் இங்கே ஒட்டிவிட்டாள் போல என்று நானே உரித்தெடுத்துக் கதவில் ஒட்டிவைத்தேன்.

இன்று காலை பார்த்தால் மகாராணி மல்லாந்து கிடக்கிறது. எட்டுக் காலும் விரிந்திருந்தன. அடியில் வெள்ளை நூலில் ஒரு விரிப்பு. போகிற நேரம் தெரிந்து பாய் விரித்துப் படுத்ததுபோல.

"வயசாயிருக்கும், விடுங்க" என்றாள் மனைவி.

"நான் இடிச்சதாலயா?"

"டீ ஆறுது."

சிலந்தி விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பெட்டி குலுங்கினா சிலந்தி செத்துடுமா?"

"சாகும் சார். சாகாமலும் இருக்கும்."

வந்ததும் இந்தக் கோலத்தை மகள் பார்க்கக் கூடாது என்று நானே அடக்கம் செய்தேன். பால்கனியிலிருக்கும் பெரிய பூந்தொட்டியில் குழி, பஞ்சில் மெத்தை, மேலே கெட்டியாக மண். பூனை தோண்டிவிடாமல் இருக்க ஒரு கல்லும் வைத்தேன். யாரும் பார்க்காதபோது கொஞ்சம் அழுதேன். சிலந்தி என்றாலே நாற்காலியில் ஏறுகிற ஆள் நான்.

மதியம் மகள் வந்தாள். காலிப் பெட்டியைப் பார்த்தாள். கதவிலிருந்த சீட்டைப் பார்த்தாள். கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

"எப்படிப்பா கிடந்தா?"

"மல்லாந்து... காலை விரிச்சுக்கிட்டு. காலையிலேயே தொட்டியில புதைச்சிட்டேம்மா."

அவள் பால்கனிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நான் பெட்டிய இடிச்சதாலதான் செத்துச்சாம்மா? ஆளாளுக்கு மழுப்பறாங்க. நீயாவது நேராச் சொல்லு."

"இடிச்சதால இல்லப்பா."

அப்பாடா! மூன்று நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அவள் கல்லைப் புரட்டித் தள்ளினாள். பத்து விரலாலும் மண்ணைப் பறித்தபடி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"செத்த சிலந்தி காலை மடக்கிக் குப்புறக் கிடக்கும்பா. அவ தோலை உரிச்சு சட்டை மாத்திட்டிருந்தா."