பழையசீவரத்து மாடி

"பொய்யன்! அந்தப் பையன் வேணவே வேணாம்!"

பழையசீவரத்திலிருந்து வந்ததும் வராததுமாக, அருள்தாஸ் மாப்பிள்ளைப் பையனின் போட்டோவை மகள் முன்னால் விட்டெறிந்தார்.

 ஞானசுந்தரி அதை எடுத்துத் தாவணி முனையால் துடைத்தாள்.

வளைந்து மேலே போகிற மாடிப்படி. பக்கத்தில் பூந்தொட்டி. படியோரமாக நின்றபடி, கடிகாரம் கட்டிய கையோடு சாமுவேல். இந்தப் படம் வந்ததிலிருந்து காவாந்தண்டலத்தில் அவர்கள் தெரு முழுக்க ஒரே பேச்சு. 'அருள்தாஸ் பொண்ணுக்கு மாடி வூடு!' படமாச்சே, பொய் சொல்லுமா என்ன!

அவளுக்கோ தூங்கினால் அதே கனவுதான். பாலாற்றுக் காற்றில் தாவணி பறக்க அந்தப் படியில் ஏறிக்கொண்டே இருக்கிறாள். படி முடிவதே இல்லை. மேலே சாமுவேல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கனவில்கூடப் படியெல்லாம் பெயிண்ட் வாசனை.

"இன்னா ஆச்சு நைனா?"

"மாடியாம் மாடி! ஓலைக் குடிசைம்மா! தெரு ஜனம் அத்தினியும் வேடிக்கை பாக்குது. 'மாடி எங்கடா?'ன்னு கேட்டேன். திருட்டு முழி முழிக்கிறான்."

"நம்ம வூடும் குடிசைதான நைனா?"

"நாம படத்தக் காட்டி ஏமாத்துனோமா?"

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். விடுவாரா அருள்தாஸ்? "நீ பேசாத!" என்று ஒரே அதட்டல்.

வாசலில் சைக்கிள் மணி. சாமுவேல்!

"மன்னிச்சிக்கோங்க மாமா. சம்பந்தம் வேணாம்னுட்டீங்க. அப்புறம் பொண்ணு படம் எங்க வூட்ல இருக்கறது மொறையில்ல." கவரை நீட்டினான்.

அருள்தாஸ் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அப்போது அறுப்பு நேரம். அத்தை பாக்கியமேரிதான் ஞானசுந்தரியைக் காஞ்சிபுரம் கூட்டிப்போய்ப் படம் எடுத்து, பையன் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

இப்போது பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதே மாடிப்படி. அதே பூந்தொட்டி. மகள் கையில் அதே கடிகாரம்.

"ஸ்டூடியோவுல பின்னால தொங்குற, படி வரைஞ்ச துணி நைனா அது," என்றாள் ஞானசுந்தரி அழுதுகொண்டே.

அருள்தாஸ் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் அந்தக் கத்து கத்துனேனே... இத எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டியிருக்கலாமே தம்பி?"

சாமுவேல் தலை குனிந்துகொண்டான்.

"எப்பிடி மாமா காட்டுறது? எங்க தெருவுல எல்லாரும் அது உங்க வூட்டு மாடின்னு இல்ல நெனச்சிக்கினு கீறாங்க!"