மலைமண்

அறுபதுகளில், நாமக்கல்லை அடுத்த சென்னியம்மாளின் பண்ணையில் கோழிகளுக்குக் கழிச்சல் கண்டது. பழைய மருந்துப் பொடிக்கு நோய் அசையவில்லை. கால்நடை மருத்துவர் லாசர், அந்த வட்டாரமே அறியாத ஒரு புது மருந்தை வரவழைத்துக் கொடுத்தார். சுருண்டு கிடந்த கோழிகளெல்லாம் எழுந்து தீனிக்கு அடித்துக்கொண்டன.

"டாக்டருங்க, ஒண்ணுகூடச் சாவலீங்க! பொழச்சுட்டமுங்க!" என்று கைகூப்பினாள் சென்னியம்மாள். பண்ணைக்காரர்கள் மாலை போட்டார்கள். லாசருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த உற்சாகத்தில், மருந்தின் வீரியத்தைச் சோதிக்க, கிருமி வளர்க்கும் கூழில் புது மருந்தைக் கலந்து பரப்பிய இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்தார். ஒன்றில் பண்ணை மண்ணையும், மற்றதில் கோழியும் மருந்தும் எட்டாத கொல்லிமலைக் காட்டு மண்ணையும் தூவி மூடினார். மறுநாள் பண்ணைத் தட்டில் ஒரு கிருமியும் இல்லை. மலைத் தட்டில் மருந்தையும் மீறிக் கிருமிகள் வெள்ளை வெள்ளையாக மண்டிக் கிடந்தன.

அதற்கடுத்த நாள், அவரை விருந்துக்கு அழைத்துப்போகச் சென்னியம்மாள் மேளத்தோடு வந்தாள்.

"வாங்க டாக்டருங்க, ஊரே காத்துக்கிட்டிருக்குதுங்க!"

சிரித்தபடி எழுந்தவர் மேசையைப் பார்த்தார். தட்டுகளை யாரும் திறக்கவில்லை. பண்ணைத் தட்டின் நடுவில், மூடிக்கு அடியில், மலைத் தட்டில் கண்டது போலவே ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்திருந்தது.