நடுவில் ஒரு காலி வட்டம்

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் அப்பா. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "நாளைக்கு முதல் கேள்வியே இதுவா இருந்தா மானம் போயிடும்."

மகள் ஒரு கோடு வரைந்து, நடுவில் சின்ன வட்டம் போட்டாள். "இடப்பக்கமிருந்து வந்தாலும் மதிப்பு மூணை நெருங்குது. வலப்பக்கமிருந்து வந்தாலும் மூணைத்தான் நெருங்குது. ஆனா இது தொடர்ச்சியான சார்பு இல்லப்பா."

"ஏன்? ரெண்டும் ஒரே இடத்துக்குத்தானே வருது?"

"வட்டம் காலியா இருக்கே! அந்தப் புள்ளியில மதிப்பே கிடையாது."

அப்பா சட்டென்று நின்றார். "கேட்ச் பிடிக்க ரெண்டு பேரும் ஓடி வர்றாங்க. பந்து விழுற இடத்துல ஒருத்தரும் கை நீட்டல. அதானே?"

"அதேதான்! இதையே சொல்லுங்க."

"சிரிச்சுட்டா?"

"சிரிக்கட்டும். முதல் பெஞ்சுல நான்தானே இருப்பேன்? முதல் கேள்வியை நானே கேட்டுடறேன். பதிலை மட்டும் மறந்துடாதீங்க, மாஸ்டர்."

கணக்கு டீச்சர் ஒரு மாதம் லீவு. அந்த வகுப்பு, பள்ளியின் விளையாட்டு மாஸ்டரான அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."