கேட்க ஒரு காது

பியானோ வாசித்துக்கொண்டே தனசீலன் மூன்றாவது பக்கத்தைத் திருப்பும்போதே டீ வந்துவிட்டது.

பம்பாய் மாஹிமில் சூசைமாணிக்கத்தின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கீதக்காரர்கள் கூடுவார்கள். சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்கள், சர்ச்சில் வாசிப்பவர்கள் என்று கலவையான கூட்டம். சொந்தமாக எழுதியதைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு. தனசீலனின் முறை மட்டும் தள்ளிக்கொண்டே போய், இன்றைக்குத்தான் வந்திருந்தது.

டிராம்பேயில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு கிளார்க் வேலை. வேலை முடிந்ததும் செம்பூர் சர்ச்சுக்குப் போய், அங்கிருந்த பழைய பியானோ முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவரே இசையமைத்து எழுதிய பீஸ் இது.

"சர்க்கரையே தெரியலையே," என்றார் ஒருவர்.

"ரேஷன்ல போட்டாத்தானே தெரியும்," என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழுந்தது.

தனசீலன் தலையைத் திருப்பாமல் வாசித்தார். முக்கியமான இடம் வந்துகொண்டிருந்தது. வலது கை நின்றுபோய், இடது கை மட்டும் தனியாக நடக்கிற இடம். அங்கே வந்ததும், முடிந்துவிட்டது என்று நினைத்து வயலின்காரர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"பஹுத் அச்சா, தனசீலன்," என்றார் சூசைமாணிக்கம். "சலோ, அடுத்து யாரு?"

இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. தனசீலன் தாள்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தெருவில் இறங்கி நடந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க."

ரோஸி. தாராவிப் பெண். பக்கத்து கான்வென்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். சூசைமாணிக்கத்தின் வீட்டுக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவளை வாசிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை.

"மிச்சத்தையும் வாசிச்சிருக்கலாம்லா, அண்ணாச்சி. அது முடியலையே."

தனசீலன் நின்றார். "முடியலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைசில இடது கை மட்டும் வந்துச்சுல்லா, யாரோ படியேறி வாற மாதிரி. வந்தவங்க இன்னும் கதவைத் தட்டலையே."

தனசீலன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். அது அவருடைய அப்பாவின் நடை. மில்லில் ஷிப்ட் முடிந்து, அப்பா மரப்படியில் ஏறி வருகிற சத்தம். கட்டின பெண்டாட்டி லூசியம்மாளிடம்கூட இதை அவர் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ரோஸியிடம் சொன்னார். அப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்த இடத்தை எப்படியெல்லாம் எழுதிப் பார்த்து அடித்தார் என்று சொன்னார். மிச்சமிருந்த இரண்டு பக்கத்தையும் வாயாலேயே பாடிக் காட்டினார். ரோஸி குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒரு இடத்தை மட்டும் திரும்பப் பாடச் சொன்னாள். அதுதான் அவருக்கே ரொம்பப் பிடித்த இடம்.

செம்பூர் பஸ் வந்தது.

"போனாப் போகுது, அடுத்ததுல போறேன்," என்றார்.

அடுத்ததும் வந்தது. அதையும் விட்டார்.

"இவனுகளுக்கு என்ன தெரியும்? ஒருத்தன் மனசைக் கசக்கி எழுதிக் கொண்டாந்து வாசிக்கான், இவனுக சர்க்கரையைப் பத்திப் பேசுதானுக."

ரோஸி புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"அண்ணாச்சி, நானும் ஒண்ணு எழுதியிருக்கேன்."

"அப்படியா?"

"சின்னதுதான். இதுவரைக்கும் யாருக்கும் வாசிச்சுக் காட்டினதில்ல. கான்வென்ட் இந்தா, அந்த முக்குலதான். சிஸ்டர்மாரெல்லாம் இருப்பாங்க. அஞ்சு நிமிஷம் வந்து கேட்டுட்டு, எப்படியிருக்குன்னு மட்டும் சொல்லுதீங்களா?"

"அதுக்கென்ன. வார ஞாயித்துக்கிழமை கேட்டுட்டாப் போச்சு."

"அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன், அண்ணாச்சி." குரல் இறங்கியது. "வியாழக்கிழமை ஊருக்குப் போறோம். வடக்கன்குளத்துல எனக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க. அங்கயே இருந்துர வேண்டியதுதான். அவங்க வீட்டுல பியானோ எல்லாம் கெடையாது."

தூரத்தில் அடுத்த பஸ் தெரிந்தது. தனசீலன் கையை நீட்டினார்.

"கல்யாணமா? ரொம்ப சந்தோஷம். நல்லாயிரு, தங்கச்சி."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது ரோஸி ஏதோ சொன்னதுபோல் இருந்தது. எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை. வழியெல்லாம் அவருக்குத் தன்னுடைய பீஸ் பற்றிய யோசனைதான். கடைசியில் கதவு தட்டுவது மாதிரி ஒரு இடம் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று பட்டது. தொடையிலேயே விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் லூசியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"வாசிச்சீங்களா? எல்லாரும் கேட்டாங்களா?"

தனசீலன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எங்க கேக்கிறது, லூசி? அடுத்தவன் எழுதினதை ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு கேக்க இந்தப் பம்பாயில ஒருத்தருக்கும் மனசு கெடையாது."