நெதர்லாந்தில் கூடியிருக்கிறது

ஹிஃப்ஸா துபாய் தேராவில் ஓர் எண்ணெய் வியாபார அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஜெர்மனியும் நெதர்லாந்தும் மாதாமாதம் எவ்வளவு எண்ணெய்ப்பனைக் கொட்டை அரைக்கின்றன என்று ஒப்பிட்டுச் சொல்வது அவள் பொறுப்பு. ரோட்டர்டாம் துறைமுகத்தில் வேலை பார்த்த தம்பி முஆத்தான் போனில் நிலவரம் சொல்வான். போன குளிர்காலத்தில் அவன் விபத்தில் மௌத்தாகி அங்கேயே அடக்கமானான். விசா கிடைக்காததால் அவளால் முகம்கூடப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதமும் அவன் நம்பரிலிருந்து போன் வந்தது.

"லாத்தா, எழுதிக்கிடுங்க. ஜெர்மனியில குறைச்சல். நெதர்லாந்துல கூடியிருக்கு."

"எங்கடா இருக்கே?" என்று அழுதாள். அவன் நிலவரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். பிறகு வெளியான கணக்கும் அப்படியே இருந்தது. அதிலிருந்து மாதம் தவறாமல் கூப்பிட்டான். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பழைய வருடங்களின் அளவையும் கேட்டுக் கேட்டு, அவன் குரலை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

நேற்று முதலாளி கௌஸ் முகம்மது, "அந்த யாவாரம் கலாஸ்மா. இனி ஒப்பிட வேணாம்" என்றார்.

இன்று முஆத் கூப்பிட்டான். அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இனி கணக்கு வேணாமாம்டா" என்றாள்.



"அப்ப நான் இனி என்ன சொல்லிக்கிட்டு கூப்புடுறது, லாத்தா?" என்றான்.