பெரணிக்கு ஒரு செம்பு தண்ணீர்

“ஏலே கில்பர்ட்டு, எந்திரி! இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்.”

கை கழுவக் கொல்லைப்பக்கம் போன யாகப்பம்மாள், போன வேகத்தில் திரும்பி வந்து, சுவரோரம் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டாள்.

பாம்பனிலிருந்து ரயிலேறி, பஸ் மாறி, மகனுக்குப் பெண் பார்க்க வாலிநோக்கம் வந்தவர்கள். பெண் லீமாரோஸை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கருப்பட்டிக் காபியும் குடித்தாயிற்று. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இப்படி.

பெண்ணின் தகப்பன் வேதமுத்து பதறிப்போனார்.

“என்ன தங்கச்சி, என்ன குறை கண்டீக?”

“உங்க மக என்ன செய்றான்னு தெரியுமாண்ணே? ஒரு செம்பு நல்ல தண்ணியக் கொண்டுபோயி செடிக்கு ஊத்துறா!”

வேதமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. அது உப்பளத்து ஊர். தோண்டிய இடமெல்லாம் கரிப்பு. குடிக்கிற தண்ணீர் வேண்டுமானால் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரே கிணற்றுக்கு வெயிலில் நடக்க வேண்டும். ஊற ஊறக் கோரி எடுத்து வர வேண்டும்.

“உப்புத் தண்ணியா இருக்கும் தங்கச்சி.”

“எனக்கென்ன நாக்கு செத்தா போச்சு? செம்புக்குள்ள விரலை விட்டு நக்கியே பாத்தேன். கல்கண்டா இனிக்குது!”

காலிச் செம்போடு லீமாரோஸ் கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள்.

“ஏன் தாயி, நல்ல தண்ணியவா ஊத்துன?”

“ஆமாய்யா.”

இல்லை என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

“அப்படி என்ன செடி அது?” கில்பர்ட் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

“கிணத்துப் பெரணி. நல்ல தண்ணிக் கிணத்துச் சுவத்துல மட்டுந்தான் இருந்துச்சு. இந்தப் பக்கம் வேற எங்கனயும் கிடையாது. சுதந்திரம் வந்த வருசம் தூர்வாருறப்ப மொத்தத்தையும் சுரண்டி எறிஞ்சிட்டாக. குப்பையில கிடந்த ஒரு வேரைக் கொண்டாந்து, வடக்குச் சுவரோரம் ஓலை மறைச்சு நிழல்ல வச்சிருக்கேன். உப்புத் தண்ணி பட்டா இலை கருகிரும். குட்டி வந்ததும் மறுபடி அந்தக் கிணத்துக் கல்லிடுக்குலயே வைக்கணும்.”

“கேட்டியாலே? எனக்கு ஒரு கொத்துப் பிடுங்கிக் குடுன்னு இப்பத்தான் கேட்டேன். அதுக்கும் முடியாதுன்னுட்டா!”

“இப்பப் பிடுங்கினா தாயும் போயிரும் குட்டியும் போயிரும் அத்தை. வளந்ததும் உங்களுக்கு...”

“யாருக்கு யாரு அத்தை?”

யாகப்பம்மாள் வேதமுத்து பக்கம் திரும்பினாள்.

“பாம்பன்ல எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்கண்ணே. தண்ணியில ஒரு சொட்டு வீணாப் போனா எனக்கு ஆகாது. நாளைக்கு என் பேரன் தவிச்ச வாய்க்குத் தண்ணி கேட்டா, செடிக்கு ஊத்திட்டேன்னு சொல்லுவா இவ.”

வேதமுத்து கையைப் பிசைந்தார். தாயில்லாத பெண். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊர் என்னென்னவோ பேசும்.

“இனிமே செய்ய மாட்டா தங்கச்சி. அந்தச் செடி இருந்தாத்தானே? இப்பவே பிடுங்கி எறிஞ்சிர்றேன்.”

விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் திரும்பியவரை லீமாரோஸ் குறுக்கே நின்று மறித்தாள்.

“வேணாம்யா. அது ஒண்ணுதான் மிச்சம்.”

“தள்ளு! ஒரு செடிக்காக வந்த கல்யாணத்தை விடுவியா?”

கையை ஓங்கிவிட்டார். அவளை ஒருநாளும் அடித்தறியாத கை, ஓங்கின இடத்திலேயே நின்றது. லீமாரோஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யாகப்பம்மாளைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“அடம் வேறயா? நல்லாருக்கு! வாலே போவோம்.”

யாகப்பம்மாள் வாசல்வரை போனாள். வெளியே உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் கத்தியதில் தொண்டை வேறு வறண்டுவிட்டது. நின்றாள்.

“பஸ்ஸு வர நேரமாகும். வந்ததும் எனக்குக் குடுத்த தண்ணி அப்படியேதான் கெடக்கும். காபி வந்துருச்சுன்னு ஒரு மடக்கோட வச்சிட்டேன். அந்தத் தம்ளரையாச்சும் எடுத்தா.”

லீமாரோஸ் அசையவில்லை.

“ஒன்னயத்தான். தம்ளர் எங்கன?”

“கழுவிக் கவுத்திட்டேன் அத்தை.”

“அதுல முக்கால்வாசி தண்ணி இருந்துச்சே?”

லீமாரோஸ் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கில்பர்ட் மூலையைப் பார்த்தான். வந்தவர்கள் அத்தனை பேருடைய பித்தளைத் தம்ளர்களும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அவள் கையிலிருந்த செம்பைப் பார்த்தான்.

“அம்மா,” என்றான் மெதுவாக. “நாம எல்லாருமே ஆளுக்கு ஒரு மடக்குக் குடிச்சிட்டுத்தானே வச்சோம்? நம்ம எச்சித் தண்ணியப் பானையிலயா திருப்பி ஊத்த முடியும்?”

யாகப்பம்மாள் முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அப்புறம் குடையைப் பழைய இடத்திலேயே சாத்திவிட்டு, பாயில் வந்து உட்கார்ந்தாள்.

வேதமுத்து கொல்லைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏன் தாயி, இதை அப்பவே வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

லீமாரோஸ் அவர் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள்:

“வீட்டுக்கு வந்தவுகளப் பாத்து, தண்ணிய வீணாக்கிட்டீகன்னு எப்படிய்யா சொல்றது?”